மூன்று தரைக்குக் கீழே ஒரு சங்கிலி

மதினிக்கு என் மேல் இருந்த சந்தேகத்துக்கு வயது இருபத்தெட்டு. அவளுடைய மூத்த மகனைவிட ஒரு வயது அதிகம். அவனைவிட நன்றாகச் சோறூட்டி வளர்க்கப்பட்டதும் அதுதான்.

விஷயம் இது. எங்கள் அம்மாவிடம் ஐந்து பவுனில் ஒரு முறுக்குச் சங்கிலி இருந்தது. பம்பாயில் கலவரம் நடந்த அந்தக் குளிர்காலத்தில், தாராவியில் எங்கள் சந்து வரைக்கும் புகை வந்த ஒரு நாளில், அம்மா சங்கிலியைக் கழற்றிப் பவுடர் டப்பா ஒன்றில் போட்டு வீட்டுத் தரைக்குள் புதைத்துவிட்டாள். தாலியைக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டாள். கலவரம் அடங்கியது. சங்கிலி வெளியே வரவில்லை. யாராவது கேட்டால், "கீழதான இருக்கு, அது எங்க போவுது?" என்பாள். மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி நவி மும்பையில் கோபர்கைரனேக்குப் போனேன். அடுத்த வருஷம் அண்ணனைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மதினி வந்தாள். வந்த ஒரு மாதத்துக்குள் துப்பறிந்து முடித்துவிட்டாள். மாமியார் கழுத்தில் சங்கிலி இல்லை, நாத்தனாருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதானே.

என்னை நேராகத் திருடி என்று அவள் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லித் தொலைத்திருப்பேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் வாசலில் நுழையும்போது முதலில் என் கழுத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகத்தை. "ட்ரெயின்ல செயின் போட்டுட்டு வர முடியுமா, வீட்டுல பத்திரமா வச்சிருப்பா" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாகச் சொல்வாள். நான் மஞ்சள் நிறத்தில் எதையும் கழுத்தில் போடுவதை விட்டே பல வருஷமாயிற்று. என் மகள் கல்யாணத்தில்கூட முத்து மாலைதான். அதற்கும், "முத்துக்குள்ள மறைச்சு வச்சிருக்காளோ என்னமோ" என்றாள் என்று கேள்வி.

அம்மா இருந்தவரை, "தோண்டி எடுத்துக் காட்டும்மா" என்று நான் கெஞ்சாத வருஷம் இல்லை. "வீடு இடிக்கும்போது எடுத்துக்கிடலாம்" என்பாள். இடம் கேட்டால் ஒரு தடவை அடுப்புக்கு நேர் கீழே என்பாள், மறு தடவை மோரி ஓரம் என்பாள். மோரி என்பது குளிக்க, பாத்திரம் கழுவ என்று அறையின் மூலையில் முழங்கால் உயரச் சுவர் கட்டி நாங்கள் ஒதுக்கிக்கொள்ளும் இடம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அடுப்பிலிருந்து மோரிக்கு நான்கு எட்டு. ஆனால் அந்த அறையில் ஆறு பேர் சமைத்துத் தின்று தூங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். யாரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோண்டுவது?

போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். இந்த வருஷம் வீடே போகப் போகிறது என்றார்கள். புதுக் கட்டடம் வரப் போகிறதாம், சர்வேக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். உடனே மதினிக்குப் பூமிக்கு அடியில் இருப்பதன் மேல் அக்கறை வந்துவிட்டது. கைப்பேசியில் யாரோ மெஷின் வைத்துத் தங்கம் எடுக்கிற வீடியோவை அவள் அண்ணனுக்கு அனுப்ப, அண்ணன் எனக்கு அனுப்பினான். "இல்லைன்னு தெரிஞ்சிட்டா ஒரு நிம்மதிதான" என்று மதினி சொன்னதாகவும் சொன்னான். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே ஒரு மெட்டல் டிடெக்டரை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். தங்கம் எனக்கு வேண்டாம். தோண்டி எடுத்து மதினி கண் முன்னால் வைத்து, அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் போதும். அதற்காகத்தான் வாங்கினேன், மறைப்பானேன்.

பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரர் கடற்கரையில் தங்கக் காசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொடுத்து வைத்தவர், அவருக்கு மதினி இல்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிரியாணி தின்று, கட்டிலை வெளியே சந்தில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தோம். நான், அண்ணன், மதினி. அண்ணன் மெஷினை ஆன் செய்தான். அது கத்தத் தொடங்கியது. அடுப்படியில் கத்தியது, மோரியில் கத்தியது, நடு வீட்டில் கத்தியது, சிலிண்டரைப் பார்த்துக் கத்தியது. வீடு முழுக்கத் தங்கம் என்றால் எங்கள் குடும்பம் ஏன் இப்படி இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பக்தி.

தாராவியில் தரை என்பது ஒன்றல்ல. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும். மாநகராட்சி சந்தின் மட்டத்தை உயர்த்தும். உடனே வீடு பள்ளமாகிவிடும். நாங்கள் இருக்கிற தரை மேலேயே மண்ணைக் கொட்டி இன்னொரு தரை போடுவோம். பிறகு சந்து மறுபடி உயரும். இப்படி எங்கள் வீட்டில் ஐந்து தரை. சின்ன வயதில் அண்ணனுக்கு ஸ்டூல் போட்டாலும் எட்டாத பரண் இப்போது அவன் நெற்றியில் இடிக்கிறது. நிரப்புகிற மண்ணைக் காசு கொடுத்து எவன் வாங்குவான்? அண்ணனுடைய தோல் பை பட்டறையின் கழிவுதான் மண். தோல் துண்டு, ரிவெட், உடைந்த பக்கிள், முறிந்த ஊசி. முப்பது வருஷத்துப் பக்கிள்களின் மேல் நின்றுகொண்டு நாங்கள் தங்கம் தேடினோம்.

கடப்பாரையால் முதலில் அடுப்படியை உடைத்தோம். வெள்ளை டைல்ஸ், அதன் கீழ் கடப்பா கல், அதன் கீழ் சிவப்புச் சிமென்ட். அண்ணன் ஒவ்வொரு தரைக்கும் ஒரு தடவை மெஷினைக் காட்டுவான், அது ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை கொடுக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ் குத்துகிற பின் ஒரு பிடி வந்தது. அதன் பின்னால் ஒரு தகரத் தகடு. எப்போதோ குடிசை எண்ணிக்கை எடுத்தவர்கள் கதவில் அடித்துவிட்டுப் போன நம்பர். அண்ணன் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சர்வேக்காரனுக்குக் காட்டலாம்லா, பக்கா ப்ரூஃப்" என்றான். ரேஷன் கார்டையே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்களிடம் இந்தத் துருவைக் காட்டப் போகிறானாம்.

நான்காவது தரைக்குக் கீழே மெஷின் வேறு குரலில் கத்தியது. மதினி முழங்காலிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினாள். காக்கித் துணியில் சுற்றிய ஒரு கனமான பொருள். பிரித்தால் பித்தளைக் குழாய். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது சந்து முனைப் பொதுக்குழாயை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் சந்துக்கே தண்ணீர் இல்லை. எங்கள் அப்பா குழாயடியில் நின்று திருடனை மட்டுமல்ல, அவன் பரம்பரையையே சபித்தார். அந்தப் பரம்பரை நாங்கள்தான் என்று நாற்பது வருஷம் கழித்துத் தெரியவந்தது. காக்கித் துணி அவருடைய பழைய பேன்ட்.

"மாமாவா?" என்றாள் மதினி. அண்ணன் குழாயைத் திருகிப் பார்த்தான். தண்ணீர் வரவில்லை.

ஐந்தாவது தரைக்கும் கீழே கறுப்புச் சேறு. நாங்கள் வருவதற்கு முன் இங்கே உப்பங்கழி இருந்தது. சேற்றிலிருந்து ஓட்டை போட்ட ஈயக் குண்டு ஒன்று கிடைத்தது, மீன் வலையில் கட்டுவது. இந்தச் சதுப்பை மனிதன் வாழும் இடமாக்கியதே நாம்தான் என்று எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் ஆண்டுதோறும் மைக்கில் முழங்குவார்கள். அதற்கு முன் இங்கே வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் மனிதர்கள் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. சந்தில் கட்டில் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எதிர் வீட்டு ஹிந்திக்காரி, "க்யா மிலா, பாபி?" என்றாள், என்ன கிடைத்தது என்று. "குச் நஹீ" என்று சொல்லிவிட்டு மதினி என்னைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்பதை இவ்வளவு திருப்தியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"மோரி ஓரம் பாக்கலியே" என்றேன்.

"பொழுது போவுது. எதுக்கு வீணா?" என்றாள் மதினி.

"நான் வாங்கின மெஷின், மைனி. நான் சொல்லுற எடத்துல வைக்கட்டும்."

மோரி ஓரத்தில் மூன்றாவது தரையைப் பெயர்த்ததும் மெஷின்கூடத் தேவைப்படவில்லை. கடப்பாரை முனை டிங் என்றது. அண்ணன் கையை விட்டு எடுத்தான். பவுடர் டப்பா. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. அதைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்துக் கழுத்துப் பார்வை அத்தனைக்கும் பதில் அதற்குள் இருந்தது. மதினி முகத்தைப் பார்த்தேன். நான் ஆசைப்பட்ட மாதிரியே போயிருந்தது. கர்த்தருடைய நாளில் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று ஒரு கணம் தோன்றியது. படலாம் என்று முடிவு செய்தேன்.

அண்ணன் டப்பாவைத் தரையில் கவிழ்த்தான். சங்கிலி விழுந்தது. முறுக்குச் சங்கிலியேதான். பச்சையாக இருந்தது.

மதினி அதை எடுத்துச் சேலை நுனியால் துடைத்தாள். பச்சை போய் உள்ளே செம்பு தெரிந்தது.

"தங்கம் இப்பிடி ஆவுமா?" என்றாள்.

"மண்ணுல கெடந்தா எதுவும் ஆவும். பக்கா சோனாதான்" என்றான் அண்ணன். அவன் குரலில் பக்கா இல்லை.

மதினி மெல்ல என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அதன் அர்த்தம் எனக்கு மனப்பாடம். அசலை எடுத்துக்கொண்டு போலியைப் போட்டுவிட்டாள் இவள். முன்னே சாதாரணத் திருடி. இனிமேல் கைதேர்ந்தவள். மெஷின் வாங்கி, கடப்பாரை பிடிக்க வைத்து, எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அப்போது அண்ணன் டப்பாவை இன்னொரு தடவை தட்டினான். அடியில் ஒட்டியிருந்த ஒரு பொட்டலம் விழுந்தது. பால் பாக்கெட் கவரில் மூன்று சுற்று சுற்றி, நூல் போட்டுக் கட்டியது.

எங்கள் வீட்டில் காகிதத்தைத் தூக்கி எறியக் கூடாது. தாராவியில் எந்த வீட்டிலும் கூடாது. நீ இங்கேதான் இருந்தாய் என்பதற்கு என்ன சாட்சி என்று எந்த நாள் எந்த அதிகாரி வந்து நிற்பான் என்று தெரியாது. லைட் பில், தடுப்பூசிச் சீட்டு, மிக்ஸி வாங்கிய ரசீது எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பத்திரமாக வைப்பார்கள். அம்மா இதில் எல்லாருக்கும் மேல். பொருள் உடைந்து போன பிறகும் அதன் பில் இருக்கும்.

அண்ணன் இங்கேயே பிறந்து ஹிந்தியில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். சீட்டைப் பிரித்து மதினியிடம் நீட்டினான். ஊரில் படித்தவள், கோயிலில் வேத பாடம் வாசிக்கிறவள். அதே குரலில் வாசித்தாள். கடை, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கவரிங் கடை. வாங்கியவர், அம்மாவின் பெயர். முறுக்குச் செயின் ஒன்று. ஆறு மாதம் கறுக்காது என்று உத்தரவாதம். அப்புறம் தேதி. தேதியைப் பாதி வாசித்ததும் மதினி நிறுத்திவிட்டாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். கலவரத்துக்கு முந்தின வருஷம், மே மாதம். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. அந்த மே மாதம் அம்மா ஊருக்குப் போய்த் திரும்பி வந்த கையோடு அண்ணனுக்குத் தோல் தைக்கிற மெஷின் வந்தது. அதில்தான் பட்டறை ஆரம்பித்தது. அந்தப் பட்டறைதான் மதினிக்குச் சோறு போட்டது.

"மெஷினுக்குச் சீட்டுப் பணம் விழுந்துச்சுன்னாளே அம்மா" என்றான் அண்ணன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்குக் கோபம் மதினி மேல் வரவில்லை. அதுதான் எனக்கே அதிசயம். அம்மா மேல் வந்தது. கழுத்தில் கிடக்கிற கவரிங்கை என்றைக்காவது எவளாவது உரசிப் பார்த்துவிடுவாள். மண்ணுக்குள் கிடப்பதை யாரால் உரச முடியும்? கலவரம் ஊருக்கெல்லாம் நெருப்பாக வந்தது, அம்மாவுக்கு வசதியாக வந்தது. புதைத்த அன்றைக்கு அது மறுபடி ஐந்து பவுன் ஆகிவிட்டது. மகனும் தலை குனிய வேண்டாம், அவளும் குனிய வேண்டாம். நடுவில் நான் ஒருத்தி திருடியாக இருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "மைனிகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "நீ பொறுத்துக்கிடுவ, ஏட்டி. ஒனக்குப் பெரிய மனசு" என்றாள். அதை நான் பாராட்டு என்று நினைத்துக் கோபர்கைரனே வரை ட்ரெயினில் அழுதுகொண்டு போனேன்.

மதினி எழுந்து ஸ்டவ்வைச் சந்தில் வைத்து டீ போட்டாள். பாஸ்டர் வந்தால் மட்டும் போடுகிற ஏலக்காயைத் தட்டிப் போட்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். எனக்கு அவ்வளவு புத்தி. அண்ணன் டீயைத் தொடவே இல்லை.

நான் கிளம்பும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. மதினி சங்கிலியைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதே பால் கவரில் சுற்றிக்கொண்டு வந்தாள். அண்ணன் பார்க்கிறானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை சங்கிலி. நீயே கொண்டு போ, ஏளா. எங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் என் பையின் ஜிப்பைத் திறந்து அவளே உள்ளே போட்டு மூடினாள்.