காப்பி குடித்த வயிற்றைத் தடவக் கூடாது

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தபோது, இத்தோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் கீமோ ஏற்றி வீட்டுக்கு வந்த மறுவாரம் இந்த வலி. அடிவயிற்றில், வலது பக்கம். விரல் பட்டாலே கத்தினார்.

சேதி கேட்டு என் நாத்தனார் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

"இது குடலேத்தம்தான். வெளக்கெண்ணெயக் கொண்டா, தடவி எறக்கிவிடுறேன்" என்றார்.

குடல் மேலேறிக்கொண்டால் எண்ணெய் போட்டு உருவி இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் மதினிக்கு ராசியான கை என்று ஊரே சொல்லும்.

"தம்பி, என்னமும் குடிச்சியா?"

"காப்பி குடிச்சேன்க்கா."

"போச்சு போ! வெறும் வயித்துலதான்டா தடவணும். விடியட்டும், பாப்போம்."

முதல் நாளெல்லாம் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்ற என் வீட்டுக்காரர், அன்றைக்கு அவராகவே காப்பி கேட்டிருந்தார். கேட்க வைத்தது யார்? எங்கள் மாரியாத்தாதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் உடம்பு அனலாய்க் கொதித்தது. அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"கீமோவுல வெள்ளை அணு ரொம்பக் கொறஞ்சுபோச்சும்மா. குடல்ல கிருமி ஏறியிருக்கும்போல. ஓட்டை விழுந்திருந்தா ஆபரேஷன்தான். இந்த உடம்பு அதைத் தாங்குறது கஷ்டம். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

ஸ்கேன் அறைக் கதவு மூடியது. நான் வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்லோகமா தெரியும் எனக்கு? திட்டத்தான் தெரியும்.

"அடி ஆத்தா, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? அந்த ஆளு எம்புட்டுத்தான் தாங்குவாரு? ஓட்டை மட்டும் வேணாம்டி. கிழிக்காம என் வீட்டுக்கு அனுப்பு."

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். "குடல் சுவரு தடிச்சு வீங்கியிருக்கு பாருங்க. ஆனா ஓட்டை இல்ல. மருந்துலயே பாக்கலாம்." எண்ணெய்க் கதையைச் சொன்னேன். திடுக்கிட்டுப்போனார். "நல்லவேளை! தடவியிருந்தா கிழிஞ்சே போயிருக்கும்."

மதினி தன் கையைப் பார்த்துப் பார்த்து அழுதார். பாவம், அவர் என்ன வேண்டுமென்றா செய்ய வந்தார்?

வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, எல்லாம் நரம்பு வழிதான். உதடு வெடித்துக் கிடந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, கத்தி படாத வயிற்றோடு வீட்டுக்கு வந்தார். குழையக் குழைய ரசஞ்சோறு பிசைந்து ஊட்டினேன்.

மாசியில் புற்றுநோய் திரும்பியது. பங்குனியில் போய்விட்டார்.

"அம்புட்டு அழுதியே, உன் ஆத்தா என்னத்தக் குடுத்தா?" என்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி கேட்டாள். சுருக்கென்றது. என்ன கொடுத்தாளா? ஐப்பசியில் போக வேண்டியவரைப் பங்குனி வரைக்கும் எனக்குக் கொடுத்தாள். என் கையால் சாப்பிட்டார், என் மடியில் கண்ணை மூடினார். மீதி ஆயுசைத் தரவில்லை. அந்தச் சண்டை எனக்கும் அவளுக்கும் இன்னும் தீரவில்லை.

இப்போது தெரிந்தவர்களில் யாருக்காவது கீமோவுக்குப் பிறகு வயிறு வலித்தால், மதினியே முதலில் சத்தம் போடுகிறார்: "எண்ணெயத் தொடாத, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு!" நானும் கூடவே போய் ஸ்கேன் அறை வாசலில் உட்காருகிறேன். முன்பெல்லாம் யாருக்கும் எதற்கும் முந்தி நிற்காதவள் நான்.

ஆத்தாவை நம்புகிறவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு கதவு மூடினால் கூச்சப்படாமல் கேளுங்கள். அழுது கேளுங்கள், வாய்விட்டுத் திட்டியும் கேளுங்கள். அவரை முழுசாகக் கொடுக்காத கோபம் எனக்கு ஆறவே ஆறாது. ஆனாலும் வெள்ளிக்கிழமையானால் அவள் வாசலுக்குத்தான் போகிறேன். அவளை விட்டால் நான் யாரிடம் போய் அழுவேன்?