தத்துவத் தாளுக்கு ஓர் இரவல் அப்பா

கல்லூரி வாசலைத் தாண்டி விளாங்குடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பத்தடி பின்னால், என் அப்பா என்று சொல்லி நான் கூட்டிப்போன ஆள் வந்துகொண்டிருந்தார். அவர் காளவாசலில் டீ மாஸ்டர்.

"மாப்ள, மெதுவாப் போ. செருப்பு வாரு அந்துபோச்சு."

நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் அவரை அடித்திருப்பேன். அவர் மேல் தப்பு இல்லை என்று தெரிந்தும் அடித்திருப்பேன்.

அப்போது நான் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருடம். அதோடு கூட அலைடு என்று ஒரு துணைப்பாடம் படிக்க வேண்டும். நான் கடைசி வாரத்தில் போய்ச் சேர்ந்தவன். கணினி, புள்ளியியல் எல்லாம் நிரம்பிவிட்டன. "தத்துவந்தான் இருக்கு. வேணும்னா எடு, இல்லாட்டி அடுத்த வருசம் வா" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அப்படி மிச்சத்தில் விழுந்தவர்கள் பதினொரு பேர். மற்ற பத்துப் பேருக்கும் அது தண்டனை. எனக்கு மட்டும் அந்தப் பாடம் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதற்குப் பேராசிரியர் காரணமில்லை. அவர் மஞ்சள் நோட்டைப் பிரித்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். பரீட்சையில் அதையே திருப்பி எழுதி, தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனாவில் கோடு போட்டால் மார்க். ஆனால் அந்த நோட்டிலேயே ஒரு விஷயம் இருந்தது. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று சொல்லலாம். எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்? அடுப்படியில் புகையையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம், அதனால். எங்குமே சேர்த்துப் பார்க்காத இரண்டை முடிச்சுப் போடக் கூடாது. அன்று பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ என் கையில் ஒரு அரிவாளைக் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் உள்தேர்வில் கர்மக் கொள்கையை விளக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. நோட்டில் இருந்ததை ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த பக்கத்தில் என் அப்பாவை எழுதினேன். நாற்பது வருடம் அடுத்தவர் வயலில் குனிந்து முதுகு வளைந்த மனிதர். வளைந்த முதுகு புகை என்றால், முன்ஜென்மப் பாவம் நெருப்பு என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யார்? எந்த அடுப்படியில் பார்த்தார்? ஒருவரும் பார்க்கவில்லை என்றால் இந்த முடிச்சு செல்லாது. இவ்வளவுதான் எழுதினேன்.

தாள் முழுக்கச் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில், 'சொந்தக் கதை வேண்டாம்.' மார்க் பூஜ்யம். உள்தேர்வில் தேறாமல் பட்டம் கிடையாது. போய்க் கேட்டேன். "அப்பாவக் கூட்டிட்டு வா. மறுபடி எழுத விடுறதா வேண்டாமான்னு அப்பறம் பாப்போம்" என்றார்.

எனக்கு இருபது வயது. ஓட்டுப் போட்டுவிட்டேன். ஆனாலும் அப்பா வந்து நிற்க வேண்டும்.

என் அப்பாவைக் கூப்பிட்டால் வருவார். அதுதான் பிரச்சினை. எந்த ஆபீஸ் அறையானாலும், யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவார். அதை நான் அந்த அறையில் பார்க்க விரும்பவில்லை. அதனால் டீ மாஸ்டரிடம் போனேன். பையன்களுக்கு அப்பாவாகப் போய் நிற்பதற்கென்றே அவர் பாய்லருக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை மாட்டி வைத்திருந்தார். கல்லூரிக்கு வரும் வழியில், அப்பாவுக்கு அடுத்தவர் வயலில் வேலை என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். "செருப்பக் கழட்டாதீங்கண்ணே."

கழற்றிவிட்டார். கையையும் கட்டிக்கொண்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் பேராசிரியர்.

"காட்டு வேலைதாங்கய்யா. அடுத்தவுக காடு."

"உங்க பையன் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? முன்ஜென்மத்துல எங்கப்பா பாவம் செஞ்சத யாரு பாத்தான்னு கேக்குறான்."

"செஞ்சிருப்போம்யா. இல்லாட்டி இப்படி ஒரு புள்ள வந்து பொறக்குமா?"

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. "கேட்டியா? நாலெழுத்துப் படிக்காத உங்கப்பாவுக்குப் புரியுது. உனக்குப் புரியல. எழுதினது தப்புன்னு ஒரு லெட்டர் குடு. மறுபடி எழுத விடுறேன்." வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

அவர்கள் சிரித்தது அங்கே இல்லாத ஒரு மனிதரைப் பார்த்து. இந்த நேரத்தில் அவர் எவன் வரப்பிலோ குனிந்துகொண்டிருப்பார்.

"தப்பில்ல சார். நீங்க நடத்துனததான் எழுதுனேன்."

"அப்ப வெளிய போ. பட்டம் இல்லாமப் போ."

போனேன்.

விளாங்குடி தாண்டி ஒரு பஞ்சர் கடை நிழலில் மாஸ்டர் என்னைப் பிடித்துவிட்டார். அறுந்த செருப்பு கையில் இருந்தது.

"இதுவரைக்கும் ஒம்போது பயலுகளுக்கு அப்பனாப் போயிருக்கேன். ஒருத்தனும் தோத்ததில்ல. ஒரு லெட்டர்தானடா? கிறுக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"நீங்க ஏண்ணே செஞ்சிருப்போம்னு சொன்னீங்க?"

"பெறகு? அங்க போய் ஞாயமா பேச முடியும்?"

"செருப்பையாவது கழட்டாம இருந்திருக்கலாம்."

அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பனா நிக்கணும்னா எனக்குத் தெரிஞ்சது எங்கய்யா நின்னதுதான் மாப்ள. அவரு அப்படித்தான் நிப்பாரு."

அதற்குமேல் அவர் மேல் கோபப்பட முடியவில்லை. கோபம் குறையவும் இல்லை. பஞ்சர் கடைக்காரரிடம் ஒரு கம்பித் துண்டு வாங்கி வாரைக் கட்டிக் கொடுத்தேன். காளவாசல் வரை இரண்டு பேரும் நடந்தே போனோம்.

மறுநாள் காலை பழங்காநத்தத்தில், காங்கிரீட் போடப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்கு ஆள் எடுத்த இடத்தில் போய் நின்றேன்.

"படிக்கிற பயலா?" என்றார் மேஸ்திரி.

"நேத்து வரைக்கும்."

"என்ன படிப்பு?"

"பொருளாதாரம். கூடத் தத்துவம்."

"ரெண்டும் இங்க ஆகாது. பலகை தூக்குவியா?"

"தூக்குவேன். அப்பாவக் கூட்டிட்டு வரணுமாண்ணே?"

மேலும் கீழும் பார்த்தார். "அவரு எதுக்கு? அவரும் தூக்குவாரா?"

"அவரு தூக்குனது போதும்."

சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினேன். பழக்கத்தில் செருப்பையும் கழற்றிச் சுவரோரம் விட்டேன். முதல் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாரத்தில் கால் வைத்தபோது மேஸ்திரி கீழிருந்து கத்தினார்.

"ஏலே, செருப்பப் போட்டுக்கிட்டு ஏறு. அம்புட்டும் ஆணி."

இறங்கி வந்து போட்டுக்கொண்டு ஏறினேன்.