வலிப்போடு ஆடிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலர், செம்பூரில் விடியற்காலையில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோகும் முதியவராகத்தான் அவரை அறிவீர்கள். அவருக்கு வலிப்பு நோய் இருந்தது என்பது சிலருக்கு இப்போதுதான் தெரியவரும். அதையெல்லாம் எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். அக்கா யாரிடமும் மறைக்காத ஒன்றை அவர் தங்கையாகிய நான் மறைப்பது முறையல்ல.

அக்கா பிறந்தது பாலக்காட்டுக்குப் பக்கத்தில். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்துக் குடும்பம் பம்பாய்க்கு வந்துவிட்டது. மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை. நான் பிறந்ததும் அங்கேதான். அக்கா நன்றாகப் படிப்பார். நல்ல இடம் வந்ததென்று கல்யாணம் செய்துவைத்தார்கள். போன சில மாதங்களில், புகுந்த வீட்டில்தான் முதல் வலிப்பு வந்தது. நாங்கள் தெரிந்தே மறைத்துவிட்டதாக அவர்கள் சொன்னார்கள். உடம்பு தேறட்டும் என்று கொண்டுவந்து விட்டவர்கள் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது யுத்த காலம். அக்காவுக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். வேளாவேளைக்கு உப்புக் கரிக்கும் புரோமைடு மருந்து. அதனால் முகமெல்லாம் பருவாக வெடித்திருக்கும். அடுப்பண்டை போகக் கூடாது, ஜன்னலருகே நிற்கக் கூடாது, மாடிப்படி கூடாது. இதயம் பலவீனமென்று யாரோ ஒரு வைத்தியர் சொல்லியிருந்ததால் படுத்தே இருக்க வேண்டும். படுத்துப் படுத்து உடல் கனத்தது. கோவிலுக்குப் போய்த் திரும்பினால் முதல் மாடியிலேயே மூச்சு இரைத்து உட்கார்ந்துவிடுவார்.

அதைவிட எங்களுக்கு வேதனை தந்தது அவருடைய மனம் நின்ற இடத்தில் நிற்காததுதான். பத்திரிகையில் தொடர்கதையை எடுத்தால் ஒரு பத்தியைத் தாண்டாது. “இப்ப வந்தானே, அவன் யாருடி?” என்று என்னைக் கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டதே மறந்திருக்கும். பால்காரரிடம் பாத்திரத்தை நீட்டிவிட்டு, எதற்காக அங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பார். ஒருநாள் என்னிடம், “என் தலைக்குள்ளே யாரோ ஈரத் துணியைப் போட்டு மூடின மாதிரி இருக்கு” என்றார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் ஒரு லேடி டாக்டர் டிஸ்பென்ஸரி திறந்தார், சென்னையிலிருந்து வந்தவர். அம்மாவும் நானும் அக்காவை அழைத்துப்போனோம். டாக்டர் அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு வாசல்படியில் ஏறி இறங்கச் சொல்லி நாடியைப் பார்த்தார்.

“மாமி, இதயத்துல ஒரு கோளாறும் இல்லை. வேலையே கொடுக்காம உட்கார வெச்சிருக்கீங்க. அதான் நாலு படி ஏறினா படபடன்னு அடிச்சுக்குது. தினம் நடக்கட்டும். வேகமா நடக்கட்டும்.”

அம்மா பதறிப்போனார். “நடக்கறச்சே வந்துட்டா?”

“படுத்திருக்கறப்போ வரலையா, மாமி?”

டாக்டர் புரோமைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சின்ன மாத்திரை ஒன்றுக்கு மாற்றினார். மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, தனியாகப் போகக் கூடாது, நீர்நிலைகள் பக்கம் வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் கூடப் போவதென்று முடிவாயிற்று.

விடிந்தும் விடியாமலும் நாங்கள் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்கள் பக்கம் நடப்போம். முதல் வாரம் ஒரு தோட்டத்தைச் சுற்றுவதற்குள் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். மழைக்காலம் முடிவதற்குள் அவர் முன்னே போவார். நான்தான் “அக்கா, மெதுவா” என்று பின்னால் ஓடுவேன். அங்கே ஒரு மூலையில் இருந்த மைதானத்தில் சில பெண்கள் வலை கட்டி ரப்பர் வளையத்தை வீசி ஆடுவார்கள். குஜராத்தி, மராத்தி, நம்மவர் என்று எல்லாரும் உண்டு. அக்கா தினமும் நின்று பார்ப்பார். ஒருநாள் வளையம் எங்கள் பக்கம் பறந்து வந்தது. அக்கா எட்டிப் பிடித்துத் திருப்பி வீசினார். ஆட்டத்தை நடத்திய குஜராத்திப் பெண் குஸும் பென் சிரித்துக்கொண்டே கையசைத்துக் கூப்பிட்டார்.

அக்கா உடனே போய்ச் சேர்ந்துகொள்ளவில்லை. அந்தப் பெண்களை நிறுத்தி, தனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில் சொன்னார்: எனக்கு வலிப்பு வரும், இங்கேயும் வரலாம், தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள். இரண்டு பெண்கள் தொற்றிக்கொள்ளுமோ என்று புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்விட்டார்கள். குஸும் பென் மட்டும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அக்கா புல்லில் படுத்து, ஒருக்களித்துத் திருப்பச் சொல்லி, வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது என்று காட்டிக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தபடியே அவரைப் புரட்டிப் புரட்டிப் பழகினார்கள். அக்காவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவர் எதிர்பார்த்தது ஒருநாள் வந்தது. எதிர்ப்பக்கத்து வளையத்தைப் பிடிக்கக் கை நீட்டியவர் அப்படியே சாய்ந்தார். வழியில் போன யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடிவந்தார். “சாபி நஹி!” (சாவி வேண்டாம்) என்று கத்திக்கொண்டு குஸும் பென் அவரைத் தள்ளிவிட்டு, அக்காவை மெல்ல ஒருக்களித்துத் திருப்பினார். மற்ற பெண்கள் சுற்றி நின்று புடவைத் தலைப்பை விரித்து, வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்து மறைத்தார்கள். கண் திறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “வளையம் கீழே விழுந்துடுத்தா?”

வீட்டில் பெரிய ரகளை. “நாலு பேர் பாக்க மண்ணுல விழுந்துட்டு வந்திருக்கே. இன்னும் போறேன்னு சொல்றியேடி, உனக்கு வெக்கமா இல்லை?” என்று அம்மா கேட்டார்.

“நம்மாத்துக்குள்ளே விழுந்தா மட்டும் வலிக்காதாம்மா? இங்கே விழுந்தப்போல்லாம் நீ ஒருத்திதான் அழுதே. அங்கே ஏழெட்டுப் பேர் என்னைத் தூக்கி விட்டா.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “போகட்டும், விடு” என்றார். அவ்வளவுதான் பேசினார். மறுநாள் ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கிவந்து பெஞ்சுக்கடியில் வைத்தார். புடவைக்கு ஷூவா என்று பக்கத்து வீட்டார் பேசினார்கள். உடம்புவலி தீர்ந்த நாலாம் நாள் அக்கா அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்றார்.

வலிப்பு அடியோடு போய்விடவில்லை. மாதம் தவறாமல் வந்தது, பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை என்று குறைந்தது. ஆனால் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார். தொடர்கதைகளை முடித்து, அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று என்னிடம் சண்டை போட்டார். மாத்திரையா, நடையா, ஆட்டமா, எது செய்த வேலை என்று டாக்டரைக் கேட்டேன். “எனக்குச் சொல்லத் தெரியலை, எதையும் நிறுத்திப் பார்க்கவும் எனக்கு மனசில்லை” என்றார்.

சுதந்திரம் வந்த மறு ஆண்டு, மாட்டுங்காவில் ஒரு தமிழ் அச்சகத்தில் புரூஃப் திருத்த ஆள் தேவையென்று தெரிந்து அக்கா போனார். அங்கும் முதலில் நோயைச் சொன்னார். அச்சக உரிமையாளர் யோசித்தார். “மெஷின் பக்கம் வரப்படாது. மேஜையோட இருங்கோ. சம்மதமா?” என்று கேட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். அக்கா அதில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரில் விட்டுப்போன ஓர் எழுத்தைக் கண்டுபிடித்தார். பத்து வரி படிக்க முடியாமலிருந்தவர் அந்த மேஜையில் பல்லாண்டு உட்கார்ந்து, கௌரவமாகச் சம்பாதித்து, என் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவினார்.

பிற்காலத்தில் செம்பூரில் எங்களுடனேயே இருந்தார். எண்பதைத் தாண்டியும் நடையை விடவில்லை. சென்ற ஆண்டு வந்த காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிட்டது. கஷ்டப்படாமல், காலை வெளிச்சத்தில், என் கையைப் பிடித்தபடி போனார்.

அக்காவுக்கு மருந்து கொடுத்த டாக்டருக்கும், வேலை கொடுத்த அச்சகத்தாருக்கும், கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் துணை நின்ற கட்டிடத்து நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. குஸும் பென்னும் அவர் தோழிகளும் இன்று எங்கிருந்தாலும், தலைப்பை விரித்து நின்ற அந்தக் கைகளுக்கு எங்கள் வணக்கம். இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் அம்மா அந்த ரகளைக்குப் பிறகு தினமும் மைதானத்துக்கு வந்து கல்பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. பயந்துகொண்டே, ஒவ்வொரு காலையும் அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.