ஆனாக்காவின் தோல்விக் காப்பீடு

நூலக வாசிப்பறைக்குள் நுழைந்ததும் ஆனாக்கா முதலில் கூரையைப் பார்க்கிறார். மின்விசிறி எந்த நாற்காலிக்கு நேர் மேலே சுற்றுகிறது என்று கணித்து, அந்த நாற்காலியைக் காலால் மெல்ல என் பக்கம் நகர்த்திவிடுகிறார். பிறகு, புத்தக அலமாரி சரிந்தாலும் எட்டாத, கதவை நோக்கி ஓடினால் யாரும் குறுக்கே வராத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து உட்கார்கிறார். விசிறி கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்க தலையில விழும் சார். ரிஸ்கை ஒழிக்க முடியலன்னா வேற யாருக்காவது மாத்தி விட்டுடணும்னு எங்க புக்குல ரெண்டாவது பாடத்துல இருக்கு. உங்களுக்குப் புள்ள குட்டியும் இல்ல."

அதில் பகை எதுவும் இல்லை. பாடம் அப்படி, அவர் அதன்படி நடக்கிறார், அவ்வளவுதான். சாலையைக் கடக்கும்போது உடல் கனத்த ஒருவருக்காகக் காத்திருந்து அவர் பின்னால்தான் கடப்பார். என்னைக் கடைசிவரை அதற்குப் பயன்படுத்தியதில்லை; நான் மிகவும் ஒல்லி. நான் படிக்கும் நூல்களில் எதிர்காலம் என்பது உண்மையில் இல்லாத ஒன்று என்று நிறுவுவதற்கே நூறு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாக்கா அந்த இல்லாத ஒன்றுக்குப் பூட்டுப் போட்டு, மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார்.

வேலை, ஒரு காப்பீட்டு நிறுவனக் கிளையின் இழப்பீட்டுக் கவுன்டரில். நசுங்கிய கார், நனைந்த சரக்கு, எரிந்த கூரை என்று ஏதாவதொரு கதையோடு வந்து நிற்பவர்களிடம் பதினைந்து ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தைச் சொல்லி வருகிறார். "கண்டிப்பா குடுப்போம். ஆனா…" அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு, மேசையைக் குத்தியவர்கள் உண்டு. அலுவலகத்தில் யாரோ வைத்த பெயர் வீடுவரை வந்து, இப்போது கணவருடைய கைபேசியிலும் அவர் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

கணவர் மின்பணியாளர். ஊரெல்லாம் கம்பத்தில் ஏறி இறங்குகிற அந்த மனிதர் தன் வீட்டில் பல்பு மாற்றும்போது மட்டும் தலைக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மகன்களும் ஆளுக்கொரு பக்கம் ஏணியைப் பிடிக்க, ஆனாக்கா முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே நிற்பார். மாமியாரை அவர் எந்த நிறுவனமும் ஏற்காத ரிஸ்க் என்று வகைப்படுத்தியிருக்கிறார். மாமியாரும் சும்மா இருப்பதில்லை. "இந்தப் படிப்ப நான் படிச்சிருக்கணும், பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி" என்பார்.

காப்பீடும் இடர் மேலாண்மையும் என்ற முதுகலைப் படிப்பு, மாலை வகுப்பு. இரண்டாண்டுப் படிப்பில் ஆனாக்காவுக்கு இது ஐந்தாவது ஆண்டு. எல்லாவற்றிலும் தேறிவிட்டார், ஒரே ஒரு தாள் மட்டும் விடாப்பிடியாகக் காலை வாரிக்கொண்டிருந்தது. ஐந்தாண்டுக்குள் முடிக்காவிட்டால் தேறிய பாடங்களும் சேர்ந்து காலாவதியாகிவிடும் என்பது பல்கலைக்கழக விதி. பட்டம் வந்தால் கிளையில் இடர் அதிகாரி பதவி காத்திருந்தது. அதில் சம்பளம் கொஞ்சம்தான் கூடும். பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"எல்லாம் இடிஞ்சு விழுந்த பிறகு வர்றவங்களுக்கு இல்லைன்னு சொல்றதுதான் சார் இப்ப என் வேலை. அந்த வேலைல, விழுறதுக்கு முன்னாடியே போய், இந்தச் சுவர் சரியில்ல, மாத்துங்கன்னு சொல்லலாம். ஒரு தடவையாவது முன்னாடி போய் நிக்கணும்."

அவருடன் படித்த மூவரும் இதே மேசைக்குத்தான் வருவார்கள்: ஒரு மருந்துக்கடைக்காரர், வங்கியில் காசாளராக இருக்கும் ஒரு பெண், சரக்குக் கிடங்கின் மேலாளர் ஒருவர். அவர்களுக்கு இன்னும் வாய்ப்புகள் மிச்சம் இருந்தன. ஆனாலும் அந்தத் தாளைக் கண்டால் நால்வருக்கும் ஒரே அளவு பயம். காப்பீடு படிக்கிறவர்களுக்குப் பயம் வந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். தோல்விக்கு ஒரு காப்பீடு போட்டுக்கொண்டார்கள்.

திட்டம் ஆனாக்காவுடையது. தேறாதவர் வீட்டுக்குத் தேறியவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் போக வேண்டும். பெருக்கி, துடைத்து, துணி துவைத்து, பாத்திரம் கழுவித் தர வேண்டும். அந்த நேரத்தில் தேறாதவர் நிம்மதியாக உட்கார்ந்து அடுத்த தேர்வுக்குப் படிக்க வேண்டும். கேட்கும்போது உயர்வாகத்தான் இருந்தது. எந்தக் கட்சியையும் சேராதவன், எந்நேரமும் சும்மா உட்கார்ந்திருப்பவன் என்ற இரண்டு தகுதிகளின் பேரில் என்னை நடுவராக்கினார்கள். ஒப்பந்தத்தின்படி வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், வினாத்தாள் திருட்டு ஆகியவற்றால் வரும் தோல்விக்கு இழப்பீடு இல்லை. தேர்வுக்கு முன் இறந்துபோனவர் தோற்றவராகக் கருதப்பட மாட்டார் என்பதையும் சேர்த்தே ஆகவேண்டும் என்றார் ஆனாக்கா. செத்தவர் வீட்டில் கூட்டம் வருமே, அங்கேதானே பெருக்க ஆள் வேண்டும் என்று கிடங்கு மேலாளர் வாதிட, ஒரு மாலை முழுக்க அதிலேயே போயிற்று.

படிக்காமலே தோற்றால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். ஆனாக்காவின் முகம் சுருங்கியது.

"அதையெல்லாம் எழுதினா அசிங்கமா இருக்கும் சார். கூடப் படிக்கிறவங்கள எப்படி கவுன்டர்ல வந்து நிக்கிறவங்க மாதிரி பாக்கறது?"

ஒப்பந்தம் ஆன மறுவாரமே மேசையின் தட்பவெப்பம் மாறிவிட்டது. காசாளர் பாடப்புத்தகத்தில் கன்னத்தை வைத்து, நூலக மணி அடிக்கும்வரை தூங்கினார். மருந்துக்கடைக்காரர் அரைமணி நேரத்துக்கொரு முறை டீ குடிக்கப் போனார். அவருடைய மனைவி ஒருநாள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, ஆனாக்காவைக் காட்டி, அவங்க பாத்திரம் அழுத்தித் தேய்ப்பாங்களா என்று கணவரிடம் விசாரித்தது எனக்கே கேட்டது. கிடங்கு மேலாளர் மட்டும் ஒளிவுமறைவு இல்லாதவர்.

"தோத்தா ஆளுங்க வந்து என் வீட்ட சுத்தம் பண்ணுவாங்க. ஜெயிச்சா நான் போய் அடுத்தவன் வீட்ட சுத்தம் பண்ணணும். நீங்க பெரிய பெரிய புக்கெல்லாம் படிக்கிறீங்களே, நீங்களே சொல்லுங்க சார், நான் எதுக்குப் படிக்கணும்?"

நான் என் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

தேர்வு நெருங்கியபோதுதான் ஆனாக்கா 'மாரல் ஹசார்ட்' என்ற அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தார். காப்பீடு இருக்கிற தைரியத்தில் மனிதருக்கு வரும் அலட்சியத்துக்குப் பெயர் அது. திருட்டுக்குக் காப்பீடு செய்தவன் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது போல. எந்தக் காப்பீட்டிலும் இதற்கு இடமில்லை, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்ள வேண்டும் என்றது புத்தகம். விளக்கத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்து மூவரின் நாற்காலிகளையும் பார்த்தார். மூவரும் இல்லை. சேர்ந்து சினிமாவுக்குப் போயிருந்தார்கள்.

அன்று அவர் என்னிடம் மாமியார் சொன்னதை மட்டும் சொன்னார். மூன்று பேர் சம்பளமில்லாமல் வந்து வேலை செய்வார்களென்றால் நீயும் தோற்றுத் தொலையேன் என்றாராம். "ஒரு நிமிஷம் மனசு போச்சு சார். எங்க வீட்டுப் பரண நீங்க பாத்ததில்ல." சொல்லிவிட்டு நிகழ்தகவுக் கணக்கைத் திறந்தார். அன்றைக்கு விசிறி எங்கே சுற்றுகிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை.

முடிவு வந்த மாலை நூலகத்தின் கணினி முன் நால்வரும் நின்றார்கள். மூவர் தோல்வி. ஆனாக்கா தேர்ச்சி. ஐந்தாண்டுகளாக அவர் காத்திருந்த அந்தச் சொல் திரையில் இருக்க, அவரோ பக்கத்திலிருந்த மூன்று முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வீடும் ஒரே நேரத்தில் எரிந்தால் காப்பீட்டு நிறுவனம் என்ன ஆகும் என்பது அவர் நன்றாக எழுதிய கேள்விகளில் ஒன்று. மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"வாழ்த்துக்கள்க்கா. ஞாயித்துக்கிழமை எங்க வீட்லேர்ந்து ஆரம்பிச்சிடலாமா?"

ஆனாக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டம் வாங்கிவிட்டு மூன்று வீட்டில் வேலைக்குப் போகிற மருமகள் தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை ஆனாக்காவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. நடுவர் என்ற முறையில் நான் நேரில் இருக்க வேண்டும். இழப்பீடு கேட்டு வந்த கிளெய்மை விசாரிக்கப் போகிறோம். குரல், கவுன்டர் குரல். அந்தக் குரலிடம் யாரும் பணம் வாங்கிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மருந்துக்கடைக்காரரின் வீடு முதல் மாடியில். அலுவலகத்துக்குப் போகும் உடையில், தோளில் பையோடு ஆனாக்கா படியேறினார். பைக்குள் பாடப்புத்தகம், அந்த அத்தியாயத்தில் ஒரு காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார். காசாளரும் கிடங்கு மேலாளரும் முன்னரே வந்து சோபாவில் இடம் பிடித்திருந்தார்கள். இந்த வீட்டில் சொல்லப்படும் தீர்ப்புதான் தங்களுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் அழுக்குத் துணி இடுப்பளவு குவிந்திருந்தது. முடிவு வருவதற்கு வெகுநாள் முன்பே அந்த வீட்டில் துவைப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

விசாரணை கவுன்டரில் நடப்பது போலவே நடந்தது. தேர்வறையிலிருந்து எப்போது வெளியே வந்தார் என்று ஆனாக்கா கேட்டார். பாதி நேரத்தில் என்று மருந்துக்கடைக்காரர் ஒத்துக்கொண்டார். ஏன்? பசித்ததாம். ஆனாக்கா என்னைப் பார்த்தார். நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பார்வையின் பொருள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, துண்டு வைத்த பக்கத்தில் விரலை நுழைத்தார். ஒப்பந்தம் ஆன பிறகு புத்தகத்தைத் தொட்டாரா இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். மனைவி இயந்திரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு ஆனாக்கா போய்க் குனிந்தார். இயந்திரத்தின் ஒரு காலுக்கு அடியில், ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்தபடி, அதே பாடப்புத்தகம் இருந்தது. அட்டை ஈரத்தில் ஊறி, ரொட்டி போல உப்பியிருந்தது.

"இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

"இந்த புக்க வாங்கின வாரத்துலேர்ந்துங்க" என்றார் மனைவி. "செங்கல் வச்சுப் பாத்தோம், அட்டை வச்சுப் பாத்தோம், ஒண்ணும் சரிப்படல. இதுதான் கச்சிதமா நின்னுச்சு."

கிடங்கு மேலாளர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஆனாக்கா குனிந்த வாக்கிலேயே தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"அப்போ இது காப்பீடு போட்டதால வந்த அலட்சியம் இல்ல சார்" என்றார் என்னிடம். "முன்னாடியே இருந்த வியாதி."

முன்பே இருந்த வியாதியை மறைத்தவருக்கும் இழப்பீடு கிடையாது என்பது எனக்கே தெரியும். பதினைந்து ஆண்டுகள் அந்தக் கவுன்டரில் நின்றவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் நடுவர், ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். ஆனாக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாக்கா மருந்துக்கடைக்காரரை இயந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் தூக்கியதும், ஊறிப்போன புத்தகத்தை உருவி, ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி முதல் பாடத்தைத் திறந்து வைத்தார். பிறகு திரும்பி வந்து தன் புத்தகத்தை இயந்திரத்தின் காலுக்கு அடியில் வைத்து, அடையாளத்துக்குச் செருகிய காகிதத் துண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, குதிகாலால் உள்ளே தள்ளிவிட்டு, குவியலிலிருந்து முதல் துணியை எடுத்தார்.