பொடியெழுத்து அக்கா

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்புகிறாள் அக்கா. வீட்டுப் பாட்டில் இல்லை. சூப்பர் மார்க்கெட்டின் நான்காவது அலமாரியில் இருப்பது, இன்னும் காசு கொடுக்காதது. பொறுமைக்குப் பரிசு கொடுத்தால் முதல் பரிசு தனக்குத்தான் என்ற முகத்தோடு மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார்.

“மேடம், வாங்கிட்டுப் போய்க் கிழிங்களேன்.”

“படிக்கத்தானே லேபிள் ஒட்டியிருக்கீங்க? இல்ல, பாட்டிலுக்குக் குளிருமேன்னு போர்த்தி விட்டிருக்கீங்களா?”

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்தரைக்கு இந்தத் திருவிளையாடல் நடக்கும். கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடியும் ஸ்டீல் ஸ்கேலும் உண்டு. பொடியெழுத்தின் உயரத்தை அளந்து நோட்டில் குறித்துக்கொள்வாள். அதனால் கடைக்காரர்கள் வைத்த பெயர்தான் பொடியெழுத்து அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நிறுவனங்கள் எவ்வளவு நல்லவை என்பது அக்காவோடு அரைமணி நேரம் நின்றால் விளங்கும். டப்பாவின் முகத்தில் ஆரஞ்சுப் பழம் தளதளவென்று தொங்கும். உள்ளே எவ்வளவு ஆரஞ்சு என்று பார்த்தால், நான்கு சதவீதம் என்று முதுகுப் பக்கம் முனகியிருப்பார்கள். “மீதி தொண்ணூத்தாறும் ஆரஞ்சோட சொந்தக்காரங்க போல” என்பாள். பிஸ்கட் பாக்கெட்டில் ‘வீட்டுச் சுவை’ என்று போட்டிருந்ததற்கு, ‘யார் வீட்டு?’ என்று கேட்டுக் கடிதம் எழுதினாள். தங்கள் அன்புக்கு நன்றி என்று பதில் வந்தது, கூடவே இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும். இவ்வளவு தங்கமான மனிதர்களைக் குறை சொல்ல யாருக்காவது மனசு வருமா? அக்காவுக்கு வந்தது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அடுத்த கடிதம் எழுதினாள்.

இந்த வித்தையெல்லாம் அவள் கற்றது எதிரியின் பாசறையில்தான். லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் இருபத்தாறு வருஷம் பிழை திருத்துபவளாக இருந்தாள். மேசைமேல் லேபிளை விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ‘சரி’ என்று ஓரத்தில் சுழித்துக் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்து விழுந்த லேபிளில் ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது. முதலாளி அதற்காக ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார். அது ஓடியதில்லை.

அக்காவுக்கு ஒரு தம்பி, பஸ் கம்பெனியில் மெக்கானிக். குடித்துக் குடித்து வேலை போகும் நிலைக்கு வந்து, ஒருநாள் வீம்பாகக் குடியை விட்டான். பதினோரு மாதம் தொடவில்லை. கூட வேலை செய்தவரின் பிரிவு உபசார விழாவில், மூன்று திராட்சைக் குலைகள் படம் போட்ட பழ பானம் கொடுத்தார்கள். இரண்டு கிளாஸ் குடித்தான். அந்த இரண்டு கிளாஸ், பத்தொன்பது நாள் குடியாக முடிந்தது. அவனைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்துவிட்டு, அக்கா அந்தப் பாட்டிலை வாங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தாள். ஒரு ஓரத்தின்மேல் மறு ஓரம் ஏறி ஒட்டிக்கொள்ளும் இடத்தில், அடியில், சமர்த்தாகப் படுத்திருந்தது அந்த வரி: ஆல்கஹால் ஐந்து சதவீதம்.

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது அவள் பார்த்த லேபிள். மேசைமேல் தட்டையாக விரித்திருந்தபோது அந்த வரி முழுசாகத்தான் இருந்தது, எழுத்துக்கு எழுத்து சரியாக. இருபத்தாறு வருஷத்தில் ஒரு லேபிளைக்கூட அவள் பாட்டிலில் சுற்றிப் பார்த்ததில்லை. பிரஸ்ஸில் யாருமே பார்த்ததில்லை. மறுநாள் வேலையை விட்டாள். அன்றைக்கு அழுததுபோல் தன் கணவன் செத்தபோதும் அழவில்லை என்று அவளே சொல்வாள்.

“தப்பு இருக்கான்னு பாருன்னாங்க. பார்த்தேன். தப்பே இல்ல. எவ்வளவு அழகா தப்பே இல்லாம பண்ணியிருக்காங்க பாருங்க!”

லேபிள் விதிகளை மாற்றலாமா என்று ஆலோசிக்க, அவள் நான்கு வருஷம் மனுப் போட்ட பிறகு, ஒரு அதிகாரி போன மாதம் கூட்டம் வைத்தார். மதுவின் அளவைப் பாட்டிலின் முகத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டும், இதுதான் அவள் கேட்டது. பழ பானக் கம்பெனி சார்பில் கோட்டு போட்ட ஒருவர் வந்திருந்தார். முகப்பில் அதற்கெல்லாம் இடமில்லையாம், அழகு கெட்டுவிடுமாம். திராட்சைகளின் மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம்.

தம்பியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வரும்போதே அக்கா அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்: அவன் பேச்சே வராது. அந்தப் பத்தொன்பது நாளும் காய்ச்சல் என்றுதான் பஸ் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்; குடி என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை நிலைக்காது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “எல்லாம் சரிம்மா. இந்த லேபிளால நிஜமா யாராவது பாதிக்கப்பட்டிருக்காங்களா? ஒரு ஆள் காட்டுங்க, எழுதிக்கிறேன். இல்லன்னா இதோட முடிச்சுக்கலாம்.”

மேனேஜர்களையும் கம்பெனிகளையும் வாயடைக்க வைத்தவள், தம்பி பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த உரித்த லேபிளை நான்காக மடித்தாள். கோட்டுக்காரர் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கை மேலே போனது. நகக்கண்ணில் கிரீஸ் கறையோடு, விறைப்பாக.

“டேய், வேணாம்டா” என்று அக்கா குனிந்து கிசுகிசுத்தாள். எல்லாவற்றையும் ஊரறியக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லி நாலு வருஷம் நடையாய் நடந்தவள், இரண்டு கைகளாலும் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பலமாகத்தான் இழுத்தாள். கை இறங்கவில்லை.