நாற்பத்தோராம் நம்பர்க் கத்தி

எங்கள் துரைக்குக் கத்திப் பைத்தியம். பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைகள் குதிரை வளர்த்தார்கள், நாய் வளர்த்தார்கள், ஒருவர் வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து ஊசியில் குத்தி வைத்தார். எங்கள் துரையோ பழைய கத்தி, கட்டாரி, வாள் என்று எங்கே எது கிடைத்தாலும் வாங்கி வந்து பங்களா ஹோலின் சுவரில் பச்சைத் துணி விரித்து மாட்டினார். கண்டிப் பக்கத்துப் புசல்லாவையில் மழை பிடித்தால் நாட்கணக்கில் விடாது. அந்த ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் போடுவதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். மொத்தம் அறுபத்து மூன்று ஆயுதங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சீட்டு, அதில் நம்பர், எந்த ஊர், என்ன வகை, எவ்வளவு பழையது என்ற விபரம். அத்தனை சீட்டும் என் அப்பா எழுதியது.

அப்பா தோட்டத்தின் பெரிய கிளாக்கர். கையெழுத்து அழகாக இருக்கிறதென்றுதான் துரை அவரைச் சீட்டெழுதக் கூப்பிட்டார். எழுதப் போனவர் கத்திகளில் மயங்கிவிட்டார். துரை சீமையிலிருந்து வரவழைத்த தடித்த படப் புத்தகத்தை இரவல் வாங்கி வரி வரியாகப் படித்தார். கண்டிக்குப் போகும்போதெல்லாம் வாவிக்குக் கிட்ட பழம்பொருள் விற்ற முஸ்லிம் முதலாளியின் கடையில் ஏறிவிடுவார். வாங்குவதற்கு வக்கில்லாவிட்டாலும் மணிக்கணக்கில் பேசுவதற்கு ஆசை இருந்தது. முதலாளியும் சளைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். கடைசியில் துரை எந்தக் கத்தியை வாங்குவதானாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார் என்ற அளவுக்கு விஷயம் வந்துவிட்டது. அப்பா உதட்டைப் பிதுக்கினால் வியாபாரம் முறிந்தது.

ஒரே குறை, அப்பாவுக்குக் கண்ணாடி போட்டாலும் மிகச் சின்ன எழுத்துத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து பங்களாவுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். எனக்கு அப்போது பத்து வயது. அலகில் பொறித்திருக்கும் பொடி முத்திரைகளைப் பார்த்து நான் சொல்ல வேண்டும், அவர் எழுத வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்குக் கத்தியோடு என்ன வேலை என்று அம்மா முணுமுணுப்பார். வேலை முடிந்ததும் அப்பா சீட்டை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு இது என்ன சொல்லு பார்ப்போம் என்பார். நான் சரியாகச் சொல்லிவிட்டால் தோற்றவர் மாதிரி கதிரையில் பொத்தென்று உட்காருவார். எனக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாவது திரும்பக் கிடைக்காதா என்று இன்னும் ஏங்குகிறேன்.

மலாய்க்காரரின் நெளிந்த கிரிஸ் கத்தியில் வளைவுகளை எண்ணினால் ஒற்றைப்படையில் முடிய வேண்டும். இரட்டை வந்தால் ஒன்று எண்ணியவர் தப்பு, இல்லாவிட்டால் செய்தவர் தப்பு. கூர்க்கா கத்தியில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். தஞ்சாவூர்க் கட்டாரியைக் குறுக்கே பிடித்துக் குத்த வேண்டும். சிலவற்றின் அலகு மட்டும் வெள்ளைக்காரர் நாட்டிலிருந்து வந்திருக்கும், அதைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து பிடிக்குக் கிட்ட ஒளிந்திருக்கும். கண்டி ராசா காலத்துக் கத்தியென்றால் பிடி முழுக்கக் கொடிக்கொடியாகச் செதுக்கல், வெள்ளிப் பூண், உறைக்குள்ளேயே ஏடு எழுத ஓர் எழுத்தாணி. புதுக் கத்தியைச் சாணத்தில் புதைத்துக் கிழடாக்கி விற்பவர்களும் இருந்தார்கள். அந்தத் துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பூத்திருக்கும். நிஜமாகவே வயதான கத்தியில் கை பட்ட இடம் வேறு, படாத இடம் வேறு. "எழுதியிருக்கிறதப் பாக்காத பாப்பா, இரும்பப் பாரு" என்பார் அப்பா. எழுதியது தானேதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோகும்.

கட்டாரிக்கும் கூர்க்கா கத்திக்கும் நடுவில் நாற்பத்தோராம் நம்பர் தொங்கியது. ஒரு முழம்கூட இல்லாத, நுனி வளைந்த கத்தி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. மரப்பிடியைச் சுற்றிச் செப்புக் கம்பி. தென்னிந்தியா, கோயிலில் பலி கொடுக்கும் கத்தி, மிகப் பழையது என்று சீட்டில் இங்கிலீஷில் இருந்தது. ஒரு பூசாரியின் பேரனிடம் கிடைத்ததென்று சொல்லி அப்பாவே துரைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அது. எண்ணெய் போடுகிற ஆள் எல்லாக் கத்தியையும் தொடலாம், இதைத் தொட முடியாது. அதை மட்டும் அப்பாவே கழற்றித் துடைத்து மாட்டுவார்.

அது என் தாத்தாவின் கத்தி. பலிக் கத்தியுமில்லை ஒன்றுமில்லை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி. அப்பா இறந்து பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். தாத்தா ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மலைகளில் ஆயுள் முழுக்கக் கவ்வாத்து வெட்டியவர். கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்த அவர் மகனை மாதா கோயில் சுவாமியார் ஒருவர் கண்டியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். மகன் படித்துக் கிளாக்கராகி, டவுனில் வாத்தியார் வீட்டுப் பெண்ணைக் கட்டினார். கிளாக்கர்மார் வீட்டார் லயத்தில் கைநனைக்காத காலம் அது. லயத்துப் பேச்சு வீட்டில் எழக் கூடாது என்று கலியாணத்துக்கு முன்பே அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். தன் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான், வேறு கெட்ட எண்ணம் இல்லை. தாத்தா செத்த செய்தி கிடைத்து அப்பா போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதாம். கையில் கிடைத்தது கத்தி மட்டும். பெரிய கிளாக்கர் வீட்டில் கவ்வாத்துக் கத்தி எதற்கு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அதனால் அப்பா பிடிக்குச் செப்புக் கம்பி சுற்றி, பொய்யாக ஒரு சீட்டும் எழுதி, ராசாக்களின் வாளுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் பிடித்துக் கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

தோட்டம் முழுக்கக் கவ்வாத்துக் கத்தியைப் பார்க்கிற துரைக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கலாம். தோட்டத்தில் கொடுப்பது சீமையில் செய்த கத்தி. இது எந்தக் கொல்லரோ அடித்தது, போதாததற்குப் பாதி தேய்ந்தது. தவிர, சுவரில் மாட்டிச் சீட்டும் ஒட்டிவிட்டால் பெரிய மனிதர்கள் சீட்டைத்தான் படிப்பார்கள். எனக்கும்தான் தெரியவில்லை.

துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்கே போய்விடுவது என்று முடிவானது. கத்திகளுக்குப் பெட்டி அடிக்க ஆசாரி வந்துவிட்டார். அப்போது துரை அப்பாவைக் கூப்பிட்டு, இத்தனை வருடம் பாடுபட்டதற்குச் சுவரில் இருப்பதில் எதை வேண்டுமானாலும் ஒன்றை எடுத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை வந்து தேர்ந்தெடு என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அப்பா கால் தரையில் பாவாமல் நடந்தார். முகம் மழிக்கும்போது பாட்டு வேறு. ஏனென்று இப்போது எனக்கு விளங்குகிறது. துரை கையால் கொடுத்த பழம்பொருள் என்றால் அதை எங்கள் ஹோலிலேயே மாட்டலாம். அம்மாவே வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். தாத்தாவின் கத்தி தலைநிமிர்ந்து மகன் வீட்டுக்கு வந்துவிடும்.

நான் வெள்ளிப் பூண் போட்ட கண்டிக் கத்தியைத்தான் அப்பா எடுப்பார் என்று முடிவு கட்டிவிட்டேன். அதே வாரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கவ்வாத்து தொடங்கியிருந்தது. லயத்து ஆட்களோடு பேசக் கூடாதென்று எங்களுக்குக் கட்டளை. பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் ரோட்டோரத்தில் குந்தியிருந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அந்த வளைவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பத்தோராம் நம்பர்! பாவம் அப்பா, கண் தெரியாமல் எந்தப் பூசாரியின் பேரனிடமோ ஏமாந்துவிட்டார். அப்பாவுக்கு வெட்கமாகப் போகுமே என்று அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துரை சிரித்த முகத்தோடு சுவரைக் காட்டினார். அப்பா யோசிக்கவே இல்லை. நேராகப் போய் நாற்பத்தோராம் நம்பரில் கையை வைத்தார். துரைக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. கூச்சப்படாதே, நல்லதாக ஒன்றை எடு என்று இங்கிலீஷில் சொன்னார். அப்பா இது போதும் என்றார். அறுபத்து மூன்றில் ஒரே ஒரு போலி, அதையா எடுக்க வேண்டும்?

"அப்பா, அது வேணாம்ப்பா" என்றேன். "அது பழசு இல்ல. வெறும் கவ்வாத்துக் கத்தி."

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். என்ன சொல்கிறாய் என்று என்னையே கேட்டார். சின்னப் பிள்ளை, தெரியாமல் சொல்கிறது என்று அப்பா குறுக்கே விழுந்தார். தெரியாமலா? நானா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். அலகின் அடியில் இருக்கும் கறுப்பு இரத்தக் கறை இல்லை, வாழைக்காய் நறுக்கிய கத்தி கறுக்கிற மாதிரி தேயிலைத் தண்டின் கறை. கூர் இருப்பது வளைவின் உள்பக்கத்தில், கனமும் இல்லை, ஆகவே இது ஓங்கி வெட்டுகிற கத்தியல்ல, தன் பக்கமாக இழுத்து அறுக்கிறது. மரம் தேய்ந்து பழசாக இருக்கிறது, செப்புக் கம்பி மட்டும் தேயவில்லை, ஆகவே கம்பி பிறகு சுற்றியது. கடைசியாக, யாரும் கேட்காததையும் சொன்னேன். ரோட்டில் பார்த்த கத்தியில் தீட்டிய சரிவு ஒரு பக்கம், இதில் மற்றப் பக்கம். இதை வைத்திருந்தவர் இடது கைக்காரர்.

துரை கத்தியை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நல்ல மனிதர்தான், கோபமே இல்லை. பூசாரியின் பேரன் உன்னை ஏமாற்றினான், நீ என்னை ஏமாற்றினாய், இந்தப் பெண் இரண்டு பேரையும் பிடித்துவிட்டாள் என்று அப்பாவின் தோளில் தட்டினார். எனக்கு முன்னால் ஒரு வேடிக்கைக்காகவோ என்னவோ, கத்தியை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டித் தமிழில் கேட்டார்.

"கிளாக்கர், இதுவா வேணும்?"

அப்பா கத்தியைப் பார்த்தார். ஆம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் தள்ளிச் சமையல்கார அப்பு நின்றான், எண்ணெய் போடுகிற ஆள் நின்றான், பெட்டி அடிக்கிற ஆசாரி நின்றார். பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"வேணாம் துரை" என்றார்.

பிறகு நான் கைகாட்டிய கண்டிக் கத்தியை எடுத்துக்கொண்டார். நல்ல இரும்பு ஏன் சும்மா கிடக்க வேண்டும், கவ்வாத்துதான் நடக்கிறதே என்று துரை நாற்பத்தோராம் நம்பரை அப்புவிடம் கொடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு நடக்கும்போது வெள்ளிப் பூண் கத்தி என் கையில் இருந்தது. நான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அப்பா பாதி வழியில் நின்றார்.

"இடது கைன்னு எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

சரிவு இருந்த பக்கத்தை விரலால் வரைந்து காட்டினேன். இரும்பில் ஒரு மனிதனின் கை அவ்வளவு தெளிவாகப் பதிந்திருந்தது. அப்பா என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாப் பாத்திருக்க" என்றார். "அப்பிடித்தான் பாக்கணும்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு அதுதான் என்று நினைத்துக்கொண்டு மிச்ச வழியெல்லாம் குதித்துக் குதித்து வந்தேன்.

கண்டிக் கத்தி திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அம்மா அதை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அப்பா அந்தப் பக்கம் திரும்பியதாக எனக்கு ஞாபகமில்லை. துரை கப்பலேறினார். பங்களாச் சுவர் வெறுமையாகிவிட்டதால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் முடிந்தன. ஸ்டோரில் செப்புக் கம்பியை உரித்து, புதுப் பிடி போட்டு, அந்தக் கத்தியைக் கங்காணியிடம் மற்றக் கத்திகளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். கணக்கெழுதுகிற கந்தோருக்கும் செடி வெட்டுகிற மலைக்கும் சம்பந்தமே இல்லை, பெரிய கிளாக்கர் மலைக்குப் போக வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் அந்தக் கவ்வாத்து முடியும்வரை அப்பா தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு, நேர் வழியை விட்டு மலை ரோட்டால் போனார். நான் பள்ளிக்கூடம் போகும்போது பார்ப்பேன். மழைத் தூறலில் காலில் சப்பாத்தெல்லாம் சேறாக, குனிந்து வெட்டுகிறவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே ஒருவர் மட்டும் இடது கையால் வெட்டினார். அப்பா அவருக்குப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார்.

புதுத் துரை எங்கள் அப்பாவை மலைக்கும் சேர்த்துப் பெரிய ஆளாக்கிவிட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.