சேவியர் வாங்கி வந்த தீப்பொறிப் பெட்டி

கார் ஒயரிங் தொழிலில் பன்னிரண்டு வோல்ட் பாட்டரி யாரையும் கொன்றதில்லை. ஆளைக் கொல்வதெல்லாம் வாடிக்கையாளர்கள்தான். எண்பதுகளில் ரோவெல் ரோட்டுக்குப் பின் சந்தில் நானும் லிம்மும் ஒரே கூரைக்குக் கீழே பட்டறை வைத்திருந்தோம். எஞ்சின் அவர் பொறுப்பு, ஒயர் என் பொறுப்பு, வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது இருவருக்கும் பொது. கடையிலோ பட்டறையிலோ கவுண்டருக்குப் பின்னாலோ நின்று பிழைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

வாங்கிய பிறகு யோசனை

சேவியர் எங்கள் கோயில்காரர். செம்பவாங் கப்பல் பட்டறையில் கணக்கெழுதும் கிராணி வேலை, கிளமெண்டியில் வீடு. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். அதில் ரோட்டரி எஞ்சின். மற்ற எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும். இதில் முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி இரண்டு முக்கோணம், நாலு பிளக். கொஞ்சம் ஆயிலையும் சேர்த்து எரிக்கும்படிதான் அந்த எஞ்சினைச் செய்திருக்கிறார்கள், அதனால் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். சேவியர் ஏர் ஃபில்டரை மாற்றி, புகைக்குழாயைப் பெரிதாக்கியிருந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. அதற்கே அவர் வாயில் அது ரேஸ் வண்டி.

ஒரு சனிக்கிழமை கையில் ஒரு பெட்டியோடு வந்து நின்றார். இக்னிஷன் ஆம்ப்ளிஃபையர், பிளக்கில் விழும் தீப்பொறியைப் பலமாக்குகிற சாமான். வாங்கி முடித்துவிட்டு, "இது யூஸ் ஆகுமாண்ணே?" என்று என்னிடம் கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்குவதற்கு முன்னால் வாயில் என்ன வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

பொறுமையாகத்தான் சொன்னேன். கரி பிடித்த பிளக்கிலும் பொறி விழும், வண்டி நிற்கும்போது குலுங்காமல் ஓடும், இவ்வளவு மட்டும் கை வைத்த வண்டிக்கு அதற்குமேல் ஒன்றும் கிடைக்காது, வேகம் ஒரு துளிகூட ஏறாது, முதலில் வெடித்துப்போன பிளக் ஒயரை மாற்ற வேண்டும் என்றேன். அவர் மனைவி ரெஜினா மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது ஆறு மாதம். பிரசவத்துக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போகப் போவதாகவும், அதற்காகவே பெட்டி என்றும் சேவியர் பெருமையாகச் சொன்னார். பிரசவத்துக்கு வேகம் முக்கியமில்லை தம்பி, கூப்பிட்ட நேரத்துக்கு ஸ்டார்ட் ஆவதுதான் முக்கியம் என்றேன். அதற்கு அவர் பதில்: "ஸ்டார்ட் எல்லா வண்டியும்தான் ஆகும்ணே. எனக்குப் பவர் வேணும் லா."

ஆடாத முள்

ஒயரை மாற்றினேன், பெட்டியையும் பொருத்தினேன். அவருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனேன். அதே மேடு, அதே கியர், ஒருமுறை பெட்டியோடு, ஒருமுறை பெட்டியைக் கழற்றிவிட்டு. ஏறிய வேகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் பெட்டியோடு கொஞ்சம் அமைதியாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், சொன்னேன்.

அவர் அதைக் கேட்கவே இல்லை. எஞ்சின் சுற்றுகிற கணக்கைக் காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி போட்டதும் அது செத்துவிட்டது, முள் அசையவில்லை. பழைய மீட்டருக்குப் புதுப்பெட்டியின் பாஷை புரியாது, நடுவில் ஒரு சின்ன சாமான் போட்டால் சரியாகிவிடும், வர ஒரு வாரம் ஆகும் என்றேன். வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "அண்ணே, வண்டி ஓடுதுண்ணே. ஆனா ஓடுற மாதிரியே தெரியலயே!"

டீசல் வேன்காரர்

சேவியர் போகிற இடமெல்லாம் பெட்டியின் புகழ் பாடியிருக்கிறார். அடுத்த வாரமே தேக்கா மார்க்கெட்டில் காய்கறி இறக்கும் குமார் தன் டீசல் வேனை எங்கள் சந்து முழுவதும் அடைத்தபடி நிறுத்திவிட்டு, எனக்கும் அந்தப் பெட்டியைப் போடுங்கள் என்றார். டீசல் வண்டிக்குத் தீப்பொறியே கிடையாதய்யா, பொறி போடுகிற பிளக்கே கிடையாது, எதைப் பலமாக்குவது என்று கத்தினேன். பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடிக்கிறது. லிம் என் தோளைப் பிடித்து, "சாபார் லா, அந்தோணி" என்று பொறுமையாக இருக்கச் சொல்கிறார். குமார் கொஞ்சமும் அசரவில்லை. "தெரியும்ணே. பிளக் இல்லாத குறையத்தான் பெட்டி தீர்க்கும்னு சேவியர் சொன்னாரு."

சூசை அங்கிளின் சாவிக்கொத்து

எங்கள் கோயில் வளாகம் சின்னது. பூசைக்கு வருகிறவர்கள் வண்டியை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்திவிட்டு, சாவியை வாசலைப் பார்த்துக்கொள்ளும் சூசை அங்கிளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். அவர் அடுத்த பூசைக்கு வருகிறவர்களுக்கு இடம் பண்ண, வண்டிகளை ஒரு வண்டி நீளத்துக்கு முன்னே பின்னே நகர்த்தி, உடனே ஆஃப் பண்ணிவிடுவார். மற்ற வண்டிக்கு அது ஒன்றும் செய்யாது. ரோட்டரிக்கு அதுதான் விஷம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி உடனே நிறுத்தினால் உள்ளே பெட்ரோல் தேங்கி பிளக்கெல்லாம் நனைந்துவிடும். நனைந்த பிறகு எந்தப் பெட்டியாலும் ஒன்றும் பண்ண முடியாது.

இதைச் சேவியரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வெளியே ரோட்டோரம் நிறுத்துங்கள் என்றேன். வெளியே நிறுத்தினால் வண்டியை யார் பார்ப்பார்கள்? வாசலிலேயே நிறுத்தினார், சூசை அங்கிள் நகர்த்தினார், வண்டி படுத்துவிட்டது. வெள்ளைச் சட்டையோடு நான் நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்துக் காயவைக்க, பூசை முடிந்து வந்த அத்தனை பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் ஒயரிங் செய்த வண்டி என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பாடகர் குழுவிலிருந்த ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க அந்தோணி, உங்க தொழிலுக்காக நான் ஜெபம் பண்றேன்" என்றார்.

டாக்ஸி

அன்று நான் கொதித்துப்போய்விட்டேன். சூசை அங்கிளிடம் போய், இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் சூடு காட்டும் முள் ஏறும்வரை ஆஃப் பண்ணாதீர்கள் என்றேன். பெட்ரோல் வீண் என்றார். சேவியரிடம் சொன்னேன். பெட்டி இருக்கிறதே என்றார். இன்னும் ஒன்றரை மாதத்தில் பிரசவம், அன்றைக்கும் இப்படி நின்றால் என்ன செய்வீர்கள் என்று கோயில் என்றும் பாராமல் கத்தினேன். அவர் மீட்டர் முள் சரியாகிவிட்டதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ரெஜினா மட்டும் பின்தங்கி நின்று, சூடாகாமல் நிறுத்தக்கூடாது, அவ்வளவுதானே என்று ஒரே தடவையில் புரிந்துகொண்டார். எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டாக்ஸி நம்பர் மனப்பாடமா வச்சிருக்கேன் அண்ணா. அவருகிட்ட சொல்லிடாதீங்க, அழுதுடுவாரு."

பிரசங்கத்தின் நடுவே

குழந்தைகள் நாள் பார்த்து வருவதில்லை. டாக்டர் சொன்னதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே, ரெஜினாவுக்கு வலி எடுத்துவிட்டது. சேவியர் வெளியே ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். சூசை அங்கிள் சிரித்த முகத்தோடு நின்றார். பிள்ளைத்தாய்ச்சி சூடான சீட்டில் உட்காரக்கூடாதே என்று வண்டியை இப்போதுதான் நிழலுக்கு நகர்த்தி நிறுத்தினாராம். நல்ல மனுஷர். அந்த நேரத்தில் அவர் கழுத்தைப் பிடிக்க என் கை துடித்தது.

சேவியர் சாவியைத் திருப்பத் திருப்ப எஞ்சின் இருமியதே தவிர பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. வாசல் தூணைப் பிடித்து நிற்கிற மனைவியை விட்டுவிட்டு அந்த மனிதர் விளக்கைக் காட்டி, பெட்டி வேலை செய்யுதே என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன். நான் யாரிடமும் சாவி கொடுக்கிறவன் இல்லை, என் வேன் ரோட்டோரம் நின்றது. ரெஜினா யாரையும் எதிர்பார்க்காமல் தானே நடந்து வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சேவியர் பின்னால் ஒயர் சுருளுக்கு நடுவே உட்கார்ந்தார். சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவே இல்லை. ரெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க திட்டிக்கிட்டே ஓட்டுங்க அண்ணா, எனக்கும் சேத்து" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் திட்டுவதை நிறுத்தவில்லை.

மதியம் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். சேவியர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நனைந்த கண்ணோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுக்கு வேனுக்கு நன்றி சொல்லப்போகிறார், அல்லது வண்டியை விற்கப்போகிறார் என்று நினைத்தேன். அத்தனை மாதக் கோபமும் எனக்கு அப்போது இறங்கிப்போயிருந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "யோசிச்சுப் பாத்தேன் அண்ணே. நாலு பிளக்குக்கு ஒரு பெட்டி பத்தாது. ரெண்டு போட்டிருந்தா ஸ்டார்ட் ஆயிருக்கும்ல?"

அந்தப் பெட்டியால் ரோட்டரி காருக்குப் பலன் உண்டா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், காருக்குக் கொஞ்சம் உண்டு, கார்க்காரருக்குத்தான் இன்னும் பெட்டி வரவில்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.